கையும் கண்ணும்: காணொளி விளையாட்டுகளின் திரைத்தழுவல்களை மதிப்பிடும் அளவுகோல்

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டுகளைத் தழுவிய திரைப்படங்கள், மூலத்தின் கதையை எவ்வளவு காத்தன என்பதைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றன. விளையாட்டில் பொருளை உருவாக்குவதில் விளையாடுபவரின் செயலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே அவ்வளவுகோல் போதாது என இக்கட்டுரை வாதிடுகிறது. தமிழ் இலக்கண மரபின் வழிநூற் கோட்பாட்டைத் துணைக்கொண்டு 'சைலன்ட் ஹில்', 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' ஆகியவற்றின் தழுவல்கள் சிறப்பாக ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தழுவல், காணொளி விளையாட்டு, வழிநூல், விகற்பம், செயற்பொறுப்பு

முன்னுரை

1985இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கடத்தப்பட்ட இளவரசியை மீட்க ஒருவன் ஓடுகிறான், தாவுகிறான், விழுகிறான், மீண்டும் ஓடுகிறான். இதனைத் தழுவி 1993இல் வெளிவந்த ஹாலிவுட் படம், டைனோசர்களின் வழித்தோன்றல்கள் வாழும் இருண்ட நகரமொன்றைக் கற்பனை செய்தது; வசூலில் தோல்வியுற்றது. 2023இல் இல்லுமினேஷன் நிறுவனம் உருவாக்கிய அசைவூட்டப் படமோ உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. முன்னது மூலத்தைக் கைவிட்டது, பின்னது மூலத்தைப் போற்றியது என்பதே இவ்வேறுபாட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் ஒரு வரிக் கதைக்கு ஒன்றரை மணிநேரப் படம் எவ்வகையில் உண்மையாக இருத்தல் கூடும்?

2023ஆம் ஆண்டுப் படத்தில் கதையைவிடக் கருதத்தக்கது பயிற்சிக் காட்சி. தடைகள் நிறைந்த தடமொன்றில் மாரியோ திரும்பத் திரும்ப விழுந்து எழுகிறான். தொடக்கத்தில் புரூக்ளின் தெருக்களில் அவனும் தம்பியும் ஓடும்போது, கேமரா பக்கவாட்டில் நகர்ந்து பழைய விளையாட்டுத் திரையை நினைவூட்டுகிறது. விளையாடியவரின் விரல்கள் முன்பே அறிந்த அசைவுகள் இவை. படம் மற்ற இடங்களில் மெலிந்தே நிற்கிறது. எனினும் எதனைத் தழுவ வேண்டும் என்பதை அதனை உருவாக்கியோர் ஓரளவு உணர்ந்திருந்தனர்.

வழிநூற் கோட்பாடு

தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. நன்னூல், வழிநூலானது முதனூலின் முடிபோடு ஒத்து நிற்க வேண்டும் என்றும், பின்னோன் தான் விரும்பும் விகற்பத்தை அதில் சேர்க்கலாம் என்றும் இலக்கணம் கூறுகிறது. இவ்விதிகள் இலக்கண நூல்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை; கதைகூறும் படைப்புகளுக்கு அவற்றை நீட்டும்போது எச்சரிக்கை தேவை. ஆயினும், மூலத்தோடு ஒத்தலையும் அதனின்று வேறுபடுதலையும் ஒரே வரையறைக்குள் நிறுத்தியமை தழுவலாய்வுக்குப் பெரிதும் பயன்படும்.

சிக்கல் வேறோர் இடத்தில் எழுகிறது. எஸ்பன் ஆர்செத் 1997இல் வெளியிட்ட 'சைபர்டெக்ஸ்ட்' என்னும் நூலில், சில பனுவல்கள் கண்ணை ஓட்டுவதற்கும் பக்கத்தைப் புரட்டுவதற்கும் மேற்பட்ட உழைப்பை வாசகரிடம் வேண்டுகின்றன என்று காட்டினார். லிண்டா ஹட்சன் தழுவல் குறித்த தம் 2006ஆம் ஆண்டு நூலில் சொல்லுதல், காட்டுதல், ஊடாடுதல் என மூன்று ஈடுபாட்டு முறைகளைப் பிரித்தார். நாவல் திரைப்படமாகும்போது சொல்லுதல் காட்டுதலாகிறது. விளையாட்டு திரைப்படமாகும்போதோ, கையால் செய்தது கண்ணால் காண்பதாகிறது. நாவல், திரைப்படம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பழகிய அளவுகோலை இங்கும் அப்படியே வைத்தால், கதையின் கூட்டல் கழித்தல்கள் மட்டுமே கணக்கில் வரும். இழந்தது எது என்பது கணக்கில் வராது.

இவ்விழப்பைப் பார்வைக் கோணத்தால் ஈடுசெய்ய முயன்ற படங்கள் உண்டு. 2005இல் வெளிவந்த 'டூம்' படத்தில், விளையாட்டைப் போலவே துப்பாக்கி ஏந்தியவனின் கண்வழியாகக் காட்டப்படும் சில நிமிடக் காட்சி இடம்பெற்றது. அது வெறும் வித்தையாகவே எஞ்சியது. துப்பாக்கியை எப்பக்கம் திருப்புவது என்பது பார்வையாளர் வசம் இல்லை. பிறர் விளையாடுவதை அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போன்ற சலிப்பே மிஞ்சுகிறது.

மூடுபனியின் மொழிபெயர்ப்பு

கொனாமி நிறுவனத்தின் 'சைலன்ட் ஹில்' 1999இல் பிளேஸ்டேஷன் கருவிக்காக வெளிவந்தது. தொலைவிலுள்ள கட்டடங்களையெல்லாம் உடனுக்குடன் வரைந்து காட்டும் ஆற்றல் அக்கருவிக்கு இல்லை. அக்குறையை மறைக்க ஊர் முழுவதும் மூடுபனி இறக்கப்பட்டது. தொழில்நுட்ப எல்லையிலிருந்து பிறந்த அம்மூடுபனியே விளையாட்டின் அச்சமாக மாறியது. அடுத்த பத்தடியில் என்ன உள்ளது என்பது தெரியாமலே விளையாடுபவர் பொத்தானை அழுத்தி முன்னகர வேண்டும்.

கிறிஸ்டோஃப் கான்ஸ் இயக்கி 2006இல் வெளிவந்த படம் கதையில் பெரிய மாற்றம் செய்தது. காணாமற்போன மகளைத் தேடும் தந்தை ஹாரிக்குப் பதில் ரோஸ் என்னும் தாய் வந்தாள். கதையளவில் இது விலகலே. ஆனால் மூடுபனி மொழிபெயர்க்கப்பட்டுள்ள விதம் வியப்புக்குரியது. 1962 முதல் நிலத்தடி நிலக்கரித் தீ எரிந்துவரும் பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியா ஊரின் நிலையை முன்மாதிரியாகக் கொண்டு, பனியோடு ஓயாது சாம்பலும் பொழியும் ஊராக அது படைக்கப்பட்டது. கருவியின் இயலாமைக்குத் திரையில் பொருளில்லை. அதற்கு ஈடாக நிலவியல் காரணம் ஒன்று வைக்கப்பட்டது, அச்சம் சிதையவில்லை. தொல்காப்பியர் கூறும் மொழிபெயர்ப்பு என்னும் வகைக்கு இது தக்க சான்று.

மற்றொரு காட்சி இதனினும் நுட்பமானது. மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்குச் செல்லுமுன் ரோஸ் அதன் வரைபடத்தை மனப்பாடம் செய்கிறாள். பிறகு இருளில் திருப்பங்களை நினைவுகூர்ந்தபடி நடக்கிறாள். விளையாடுபவர் செய்வதும் இதுவே: வரைபடத்தைத் திறந்து பார்த்து, மூடிவிட்டு, நினைவின் துணையால் நடத்தல். கையின் உழைப்பு இங்கு நடிகையின் உடலுக்கு மாற்றப்பட்டுள்ளது. பார்வையாளர் அவளோடு சேர்ந்து திருப்பங்களை எண்ணுகிறார்.

இவ்வெற்றியைப் படமே குலைத்துக்கொள்கிறது. ரோஸின் கணவன் அதே ஊரைப் பனியில்லாத நிலையில் தேடிவரும் காட்சிகள் இடையிடையே வருகின்றன. மூடுபனிக்கு வெளியே என்ன உள்ளது என்பதை நாம் பார்த்துவிடுகிறோம். அடைபட்ட உணர்வு அகன்றுவிடுகிறது. இறுதிப் பகுதியில் ஊரின் முன்கதை முழுவதும் ஒரே மூச்சில் விளக்கிச் சொல்லப்படுகிறது. விளையாட்டில் அம்முன்கதை துண்டு துண்டாகக் கிடைப்பது. சேர்த்துப் பார்ப்பது விளையாடுபவரின் பொறுப்பு. மேலும், விளையாடுபவரின் செயல்களைப் பொறுத்து அவ்விளையாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் உள்ளன. முதனூலின் முடிபோடு ஒத்தல் என்னும் நன்னூல் விதி இங்குத் தடுமாறுகிறது. முடிபே பலவானால் எதனோடு ஒத்தல்?

பல உயிர்கள்

விளையாட்டில் இறப்பு ஒரு பாடம். இறந்தவர் மீண்டு வந்து சென்ற முறை அறிந்ததைப் பயன்படுத்துகிறார். இவ்வடிப்படை இயல்பை நன்கு கையாண்ட 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' (2014) எந்த விளையாட்டின் தழுவலும் அன்று. ஹிரோஷி சகுராசகாவின் ஜப்பானிய நாவலிலிருந்து உருவானது. அதன் நாயகன் எண்ணற்ற முறை இறந்து, ஒவ்வொரு முறையும் சற்றுத் தேர்ச்சி பெறுகிறான். எனினும் உச்சக்கட்டத்தில் அவனிடமிருந்து அவ்வாற்றலைப் பறித்த பிறகே படத்தால் பதற்றத்தை எழுப்ப முடிகிறது.

அஸ்வின் சரவணன் தமிழிலும் தெலுங்கிலும் இயக்கிய 'கேம் ஓவர்' (2019) இச்சிக்கலை வேறு வகையில் அணுகியது. விளையாட்டு வடிவமைப்பாளரான நாயகிக்கு மூன்று உயிர்கள் மட்டுமே. எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வோர் இறப்புக்கும் எடை கூடுகிறது. காசு போட்டு ஆடும் பழைய விளையாட்டுப் பொறிகளின் விதியைக் கதையின் விதியாக மாற்றியது இப்படம். பெயர்பெற்ற விளையாட்டுகளின் உரிமையை வாங்கி எடுக்கப்பட்ட படங்கள் பலவற்றில் இத்தெளிவு இல்லை.

விகற்பமும் செயற்பொறுப்பும்

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' (2013) விளையாட்டை 2023இல் எச்பிஓ தொடராக்கியபோது, விளையாட்டின் ஆசிரியர் நீல் டிரக்மனே கிரெய்க் மேசினுடன் இணைந்து பணியாற்றினார். இது திரைப்படமன்று, தொடர். எனினும் தழுவலின் எல்லைகளைக் காண இதனினும் தக்க சான்று அரிது. கதைமுடிபு ஏறத்தாழ அப்படியே காக்கப்பட்டது. பெரிய விகற்பம் மூன்றாம் பகுதியில் உள்ளது. விளையாட்டில் ஃபிராங்க், பில்லை வெறுத்து எழுதிய கடிதத்தோடு தூக்கில் தொங்கியவராக மட்டுமே காணப்படுகிறார். தொடரில் அவ்விருவரும் ஆண்டுக்கணக்கில் இணைந்து வாழ்ந்து, மூப்பில் ஒன்றாக இறக்கின்றனர்.

இவ்விகற்பம் சிறப்பதற்குக் காரணம் ஊடகத்தில் உள்ளது. விளையாட்டில் நாம் பெரும்பாலும் ஜோயலின் உடலோடு பிணைக்கப்பட்டுள்ளோம். அவர் இல்லாத வீட்டில் நிகழ்ந்ததைக் கடிதம் வழியாகவே அறிய முடியும். திரைக்கு அத்தளை இல்லை. கை செல்ல இயலாத இடத்துக்குக் கண் சென்றது.

இறுதிப் பகுதியில் நிலை தலைகீழாகிறது. எல்லியைக் காக்க ஜோயல் மருத்துவமனையிலுள்ளோரைக் கொல்கிறார். தொடர் இதனை ஒலியைத் தாழ்த்தி, துயர இசையோடு, விலகி நின்று காட்டுகிறது. அறுவை மருத்துவர் நொடிகளில் சுடப்படுகிறார். நாம் சாட்சிகள், ஜோயலைக் குறித்துத் தீர்ப்பு வழங்கும் உரிமை நமக்கு எளிதில் வாய்த்துவிடுகிறது. சண்டைகளைத் தொடர் பெரிதும் குறைத்துவிட்டதால், இவ்வன்முறை திடீர் வெடிப்பாகவும் தோன்றுகிறது. விளையாட்டிலோ பல மணிநேரம் கொன்று பழகிய கைகளோடு அவ்வறைக்குள் நுழைகிறோம். செவிலியரைக் கொல்லாமல் விடலாம். மருத்துவரைக் கொல்லாமல் கதை நகராது. பொத்தானை அழுத்தும்வரை அவர் நம் முன் நின்றுகொண்டே இருப்பார்.

அதன்பின் வருவது இன்னும் கூர்மையானது. முடிவுரைப் பகுதியில் ஆட்டத்தின் கட்டுப்பாடு ஜோயலிடமிருந்து எல்லிக்கு மாறுகிறது. மருத்துவமனையில் நடந்ததைத் தன் கையால் செய்து முடித்த ஒருவர், அதனை அறியாத சிறுமியின் உடலில் மலைப்பாதை ஏறி, ஜோயலின் பொய்யைக் கேட்க நடந்து செல்கிறார். தொடரும் அம்மலைப்பாதையைக் காட்டுகிறது. ஏறத்தாழ அதே உரையாடலோடு, அதே பொய்யோடு, எல்லியின் முகத்தில் கேமரா நிலைத்து நிற்க முடிகிறது. உரையாடல் பெரிதும் மாறவில்லை என்பதால் அதனை உண்மையான தழுவல் என்று பாராட்டுவோர், யாருடைய கால்கள் அப்பாதையில் நடந்தன என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.