ஒரே நீர், நான்கு எண்கள்

சீன எழுத்துகளை இனம் பிரித்து அகராதியில் அடுக்குவதற்கு அடையாளமாக நிற்கும் பகுதியை ரேடிக்கல் என்பர். தமிழில் அதனை வகையுறுப்பு எனலாம். ஆறு, ஏரி, கடல் ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளின் இடப்புறத்தில் நிற்கும் மூன்று துளிகள் நீர் என்னும் வகையுறுப்பின் ஒடுங்கிய வடிவமாகும். ஏறத்தாழ கி.பி. 100இல் சூ ஷென் 540 தலைப்புகளாகப் பிரித்த இவ்வுறுப்புகளை 1615இல் மெய் யிங்சுவோ 214ஆகச் சுருக்க, 1716இல் நிறைவுற்ற காங்சி அகராதி நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை அவற்றின்கீழ் அடக்கி, அவ்வெண்ணிக்கையையே மரபாக நிலைநிறுத்தியது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோட் இம்மரபைத் தன் எலும்புக்கூடாகவே ஏற்றுக்கொண்டது என்பது ரசிகர் கண்ணுக்கு மட்டுமே எளிதில் புலப்படும் அழகு. பதின்ம முறையில் கூறினால் நீர் என்னும் எழுத்து 27700, மூன்று துளிகள் 27701, யாங்சியைக் குறித்த எழுத்து 27743, மஞ்சளாற்றைக் குறித்த எழுத்து 27827, கடல் 28023. துளிகளோடு சேரும் பகுதிக்கு முறையே மூன்று, ஐந்து, ஏழு தூரிகைக் கோடுகள் தேவைப்படுவதே இவ்வரிசையின் காரணம். நீரின் குடும்பம் முடிந்தபின், 28779இல் நெருப்பின் குடும்பம் தொடங்குகிறது. கணினிக்கு வெறும் எண்ணாக இருப்பது, அறிந்தவருக்கு முந்நூறாண்டுப் பழைய அகராதியின் பக்க வரிசையாகும்.

எனினும் அகராதித் தலைப்பாக நிற்கும் நீரும் வாக்கியத்தில் வரும் நீரும் ஒன்றா என்ற கேள்வி எஞ்சியது. 1999இல் வெளிவந்த யூனிகோட் 3.0 அவற்றை வேறெனக் கொண்டு, 214 வகையுறுப்புகளுக்குத் தனித்தொகுதியும், அவற்றின் ஒடுங்கிய, திரிந்த வடிவங்களுக்கு 115 குறிகள் கொண்ட துணைத்தொகுதியும் வகுத்தது. அதனால் தலைப்பாகிய நீர் 12116 என்றும், தலைப்பாகிய துளிகள் 11937 என்றும் மேலும் இரண்டு எண்களைப் பெற்றன. முன்னவை எழுத்துகள், பின்னவை குறியீடுகள் என்பதே யூனிகோட் காட்டும் வேறுபாடு; கண்ணுக்கு வேறுபாடு இல்லை.

இந்நுட்பத்திற்கு விலையும் உண்டு. பல எழுத்துருக்கள் இரண்டுக்கும் ஒரே வரிவடிவத்தைப் பயன்படுத்துவதால், பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது எழுத்துக்குப் பதிலாகத் தலைப்பின் எண் வந்துவிடுவதுண்டு. அப்போது திரையில் தெளிவாகத் தெரியும் சொல் தேடலில் அகப்படுவதில்லை. இயல்பாக்கம் எனப்படும் சீரமைப்பு 12116ஐ 27700ஆக மாற்றிவிடும். ஆனால் துணைத்தொகுதியில் இரண்டே குறிகளுக்கு அத்தகைய இணைப்பு வழங்கப்பட்டிருப்பதால், 11937 மாறாமலே நிற்கும். இதனை வடிவமைப்பின் குறை என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும் துணைத்தொகுதியின் நுண்ணுணர்வு வேறிடத்தில் ஒளிர்கிறது. காது போன்ற ஒரு வளைவு எழுத்தின் இடப்புறம் நின்றால் மேடு, வலப்புறம் நின்றால் நகரம். வேறுபட்ட இரு மூலங்கள் காலப்போக்கில் தேய்ந்து ஒரே உருவம் கொண்டன. எழுத்துத் தொகுதி அவ்வளைவுக்கு ஓரெண்ணே தர, துணைத்தொகுதியோ மேட்டுக்கும் நகருக்கும் தனித்தனி எண் தருகிறது. அவ்வாறே, கல்லீரலைக் குறிக்கும் எழுத்தில் நிலவைப் போலத் தோன்றும் உறுப்பு உண்மையில் இறைச்சி என்பதால், அதற்கும் தனியிடம் கிடைத்துள்ளது. வடிவத்தை மட்டும் எண்ணாமல் வரலாற்றையும் எண்ணிய செயல் இது.

உறுப்புகளைக் கோத்து எழுத்தை விவரிக்கும் அமைப்புக்குறிகளும் அதே 1999இல் சேர்ந்தன. இடம்-வலம் என்னும் குறி, அதன்பின் துளிகள், அதன்பின் வேலை என்னும் எழுத்து என நிரல்பட எழுதினால், அது யாங்சியின் எழுத்துக்கு விவரணையாகும். குறியெண் பெறாத அரிய எழுத்தையும் இவ்வாறு சுட்டலாம். தொடக்கத்தில் பன்னிரண்டாக இருந்த இக்குறிகளுடன் 2023இல் சேர்ந்தவற்றுள் ஒன்று உறுப்பைக் கண்ணாடியில் கண்டதுபோலத் திருப்பச் சொல்கிறது. ஒன்று சுழற்றச் சொல்கிறது. மற்றொன்று, முழு எழுத்திலிருந்து ஒரு பகுதியைக் கழித்துவிடச் சொல்கிறது.