நிழற்படமும் நினைவுநூலும்

போருக்கு முந்திய யாழ்ப்பாண நகரின் பழைய நிழற்படங்களைக் காண்போர், அந்நகரம் அவற்றிலே அழியாதிருக்கின்றது என மகிழ்வர். அம்மகிழ்ச்சி ஆராய்தற்குரியது.

லெனாட் வூல்வ் 1961இல் வெளியிட்ட ‘குரோயிங்’ என்னும் சுயசரிதையை அப்படங்களோடு ஒருங்கு வைத்துப் படித்தல் வேண்டும். 1905ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அரசாங்க உத்தியோகத்தராய் இங்கு வந்தவர் அவர். அநுராதபுரம் வரை புகையிரதம். அப்பால் தபால்வண்டி எனப் பெயர்பூண்ட மாட்டுவண்டி. ஆனையிறவிலிருந்து மீண்டும் புகையிரதம். காட்டுவழியின் நெடுமையை அவர் எழுத்திலே உணர்கின்றோம்; எந்தப் படத்துக்கும் இது கைகூடாது. ஆயினும், கோட்டை மதிலின்மேல் அமைந்த வீட்டிலே வாழ்ந்த அவர், ஊராரைக் கச்சேரி அலுவல்களின் வழியாகவே மிகுதியும் கண்டார். இது நூலின் குறை.

படங்களின் குறை வேறு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. பின்னர்ப் பழைய தோற்றத்திலேயே கட்டடம் எழுந்தது. அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்தால் இழப்பொன்றும் தோன்றாது! வெண்சுவரும் குவிமாடமும் அவ்வாறே உள. எந்த அலுமாரியில் எந்நூல் இருந்தது, சுவடிகளைப் பிரித்துப் படித்தவர் யார், மாலையில் வாசிகசாலை எவ்வாறு நிறைந்தது என்பனவற்றைத் தெல்லிப்பழை முதலாய ஊர்களிலிருந்து புகையிரதமேறிச் சென்று அங்கே படித்தவரே எழுதல் வேண்டும். அயல்நாட்டார் ஒருவர் மூவாண்டுக்கும் குறைந்த தம் யாழ்ப்பாண வாசத்தை அத்துணை விரிவாய் எழுதினார். நம்மவரோ பழைய படத்தின் பின்புறத்தில் ஆண்டைக்கூடக் குறித்துவைப்பதில்லை.