ஒற்றும் நூலும்: சிங்கப்பூரில் உளவுப் பகுப்பாய்வுக் கல்வியும் தமிழ்ப் படிப்பும்

முன்னுரை

திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல், அரசனுக்குரிய இரு கண்களைச் சுட்டித் தொடங்குகிறது. ஒன்று ஒற்று, மற்றொன்று நூல். இந்நூலை நீதிநூல் என்று பரிமேலழகர் கொள்வர். ஆட்சியின் மறைபொருளைப் பேசப் புகுந்த அதிகாரம் தன் முதற்குறளிலேயே ஒற்றுக்கு இணையாக நூலை வைத்திருப்பது எண்ணத்தக்கது. ஒற்று மட்டும் உடைய அரசு ஒற்றைக்கண் அரசு என்பது இதனால் பெறப்படும். பாதுகாப்புத் துறையினர்க்கு உளவுத் தகவல் பகுப்பாய்வைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் இக்கால முயற்சி, இவ்விரு கண்களையும் ஒருசேரப் பயன்படுத்தும் முயற்சியே எனலாம். சிங்கப்பூரில் அம்முயற்சி எவ்வாறு அமைந்தது என்பதையும் தமிழ்ப் படிப்புக்கு அதில் உரிய இடம் யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சிங்கப்பூரில் ஒற்றும் கல்வியும்

சிங்கப்பூரில் உளவுத் துறையும் பல்கலைக்கழகமும் சந்தித்த இடத்தில் நின்றவர் ஒரு தமிழர். எஸ்.ஆர். நாதன் (1924–2016) சப்பானியர் ஆட்சிக்காலத்தில் சப்பானிய மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். போருக்குப்பின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி பயின்று மருத்துவமனையிலும் தொழிலாளர் நலத்துறையிலும் பணிபுரிந்தார். 1971 முதல் 1979 வரை தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1974 சனவரி 31இல் புக்கோம் தீவின் எண்ணெய் ஆலையைத் தாக்கிய நால்வர் 'லாஜு' என்னும் படகைக் கடத்தியபோது, அவர்களுடன் குவைத்துவரை பறந்து சென்ற அதிகாரிகள் குழுவுக்கும் அவரே தலைவர். 1996இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தற்காப்பு, உத்திசார் ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராகவும் அவர் விளங்கினார். பின்னர் 1999 முதல் 2011 வரை நாட்டின் அதிபராக இருந்தார்.

அக்கழகமே 2007இல் எஸ். இராசரத்தினம் அனைத்துலக ஆய்வுப் பள்ளியாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சராகிய இராசரத்தினம் (1915–2006), ஆங்கிலத்தில் சிறுகதைகளும் வானொலி நாடகங்களும் எழுதியவர். 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா அமைப்பினர் கைது செய்யப்பட்டதன் பின்னர்ப் பயங்கரவாதம் பற்றிய ஆய்வு இங்கு விரைவு பெற்றது. அரசியல் வன்முறை, பயங்கரவாத ஆய்வுக்கான அனைத்துலக மையம் 2004இலும், தேசியப் பாதுகாப்புக்கான சிறப்பு மையம் 2006இலும் அமைந்தன. படைத்துறையினரும் பொதுத்துறை அதிகாரிகளும் இங்கு முதுநிலைப் பட்டங்களுக்குப் பயில்கின்றனர்.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. கழகத்தின் முதல் இயக்குநர் மொழிபெயர்ப்பாளராகவும் சமூகப் பணியாளராகவும் பயின்றவர். பள்ளிக்குப் பெயர் தந்தவர் கதை எழுதியவர். ஆயினும் பகுப்பாய்வுக் கல்வி உலகெங்கும் அரசியலறிவியல், உளவியல், தரவியல் ஆகியவற்றைச் சார்ந்தே வளர்ந்துள்ளது. இலக்கியப் பயிற்சி அதன் அடித்தளமாகக் கருதப்படுவதில்லை.

பொருள் தெரிதல்

ஒற்றாடல் அதிகாரம் செய்தி திரட்டுதலையும் பொருள் தெரிதலையும் வேறுபடுத்துகிறது. ஒற்றரால் செய்தி பெற்றும் அதன் பொருளை ஆராய்ந்து தெளியாத மன்னனுக்கு வெற்றிக்கு வழியில்லை என்பது அதன் மூன்றாம் குறளின் கருத்து. ஓர் ஒற்றன் தந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருந்தால் ஏற்கலாம் என்பன பிற்குறள்கள் கூறும் நெறிகள். ஈராக்கில் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் உள்ளன என்று 2003ஆம் ஆண்டுப் போருக்கு முன்னர்க் கூறப்பட்டது. அது பெரும்பாலும் 'கர்வ்பால்' என்னும் குறிப்பெயர் கொண்ட ஒருவரின் சொல்லையே சார்ந்திருந்தது. தாம் கூறியது பொய் என்று அவரே 2011இல் ஒப்புக்கொண்டார். மூவர் சொல் வேண்டும் என்னும் நெறியின் அருமை இதனால் விளங்கும்.

இலங்கை நிகழ்ச்சி இதனினும் கொடிது. 2019 ஏப்ரல் 21இல் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் நிகழ்ந்த ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்மாதத் தொடக்கத்திலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. செய்தி இருந்தது, அதற்குரிய செயல் நிகழவில்லை. தடுக்கத் தவறிய பொறுப்புக்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என 2023 சனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எச்சரிக்கை செயலாக மாறுவதற்கு இடையில் நிற்பது மொழி. யேல் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து அமெரிக்க உளவுப் பகுப்பாய்வுக்கு அடித்தளமிட்ட ஷெர்மன் கென்ட் இதனை 1964இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். யூகோசுலாவியா 1951இல் தாக்கப்படும் வாய்ப்புப் பற்றிய அறிக்கையில் ஒரே தொடரை ஏற்றுக் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் அதனை 20 விழுக்காடு என்றும் மற்றொருவர் 80 விழுக்காடு என்றும் பொருள் கொண்டிருந்தனர். 'வரலாம்', 'வரக்கூடும்', 'வரும்' என்னும் வினைமுற்றுகளின் வேறுபாட்டை வகுப்பறையில் விளக்கும் தமிழாசிரியர்க்கு இச்சிக்கல் புதியதன்று.

புலவரா, ஒற்றரா?

புறநானூற்றின் 47ஆம் பாடல் இப்பொருளில் நமக்குக் கிடைத்துள்ள அரிய சான்று. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் இப்பாடலைப் பாடி அவனைக் காத்தார் என்பது கொளுவின் செய்தி.

நெடுங்கிள்ளியிடம் இருந்த சான்றுகள் பொய்யல்ல. வந்தவன் பகைவனிடமிருந்தே வந்தான்; தன் ஊருக்குள்ளேயே புகுந்தான். பிழை சான்றிலன்று, பொருள் கொண்ட முறையில் உள்ளது. ஒற்றனாயினும் புலவனாயினும் அவ்வாறே வந்திருப்பான். இரண்டு கருதுகோள்களுக்கும் ஒருசேரப் பொருந்தும் சான்று எதனையும் மெய்ப்பிப்பதில்லை என்பது ரிச்சர்ட்ஸ் ஹோயர் 1999இல் வெளியிட்ட உளவுப் பகுப்பாய்வின் உளவியல் பற்றிய நூலின் கருத்துகளுள் ஒன்று. கோவூர்கிழார் புதிய தகவல் எதனையும் தரவில்லை. பறவைபோல் நெடுவழி கடந்து, வள்ளல்களைப் பாடி, பெற்றதைச் சுற்றத்தோடு உண்டு, எஞ்சாது வழங்கி வாழும் பரிசில் வாழ்க்கையின் இயல்பை எடுத்துரைத்தார். அவ்வாழ்க்கையை அறிந்தவர்க்குப் புலவன் அரசவை விட்டு அரசவை செல்லுதல் ஐயத்திற்குரியதன்று, வழக்கமே. இங்கு ஒற்றின் கண் பிழைத்தது. நூலின் கண் ஓர் உயிரைக் காத்தது.

லிட்டில் இந்தியா, 2013

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில் தமிழகத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தில் சிக்கி இறந்தார். அதனைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2014 சூனில் வெளிவந்தது. விபத்தையும் மீட்புப் பணியையும் கூட்டத்தினர் தவறாகப் புரிந்துகொண்டமை, மது, உடனே தெருவிலேயே நீதி தேடும் மனநிலை உள்ளிட்ட பண்பாட்டு உளவியல் கூறுகள் ஆகியவற்றை அறிக்கை காரணங்களாகக் கண்டது. வேலை, வாழ்க்கை நிலைமைகள் குறித்த மனக்குறை காரணமன்று என்றும் முடிவு செய்தது. தொடர்ந்து மது விற்பனைக்கும் அருந்துதலுக்கும் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

இந்நிகழ்ச்சியை உளவுத் தோல்வி என்று கூறுவதற்கில்லை. நாம் இங்கு வினவுவது வேறு. 'பண்பாட்டு உளவியல்' என்னும் தொடர் பண்பாட்டை ஆராய்வோரின் துறைக்குரியது. அது எந்த ஊர், எந்தத் தலைமுறை, எந்த வழக்கத்தைக் குறிக்கிறது? நெரிசலில் நிற்கும் தமிழ்த் தொழிலாளி, சீருடையினரின் எந்தச் செயலை உதவி என்றும் எதனைப் புறக்கணிப்பு என்றும் படிப்பார்? தவறான புரிதல் ஒரு காரணம் என்று ஏற்றபின், அப்புரிதல் எவ்வாறு உருவாயிற்று என்பது மொழியையும் வழக்கத்தையும் சார்ந்த வினாவாகிறது. மேலும், ஞாயிறுதோறும் இங்குக் கூடும் கூட்டம் பாதுகாப்புக் கண்ணுக்கு இடர் வாய்ப்பு. ஊர்க்காரரைக் காணவும், வீட்டுக்குப் பணம் அனுப்பவும், வாரத்திற்குரிய பொருள் வாங்கவும் வரும் மக்களை அறிந்தவர்க்கு அது சந்தை. சான்று ஒன்று, கருதுகோள் இரண்டு. முதலாவதை மட்டும் கற்றவர் நெடுங்கிள்ளியின் நிலையிலேயே நிற்பர்.

தமிழ்த் துறையின் எல்லை

இவ்வாறு கூறுவது தமிழ்ப் புலமையை ஒற்றுத் தொழிலுக்கு ஏவலாக்காதா என்னும் தடை எழும். அத்தடை வலியது. அமெரிக்கப் படை 2007இல் ஆப்கானித்தானிலும் ஈராக்கிலும் சமூக அறிவியலாரைப் படைப்பிரிவுகளோடு இணைத்தபோது, ஆய்வுக்குரிய மக்களுக்கே அது தீங்காகலாம் என்று அமெரிக்க மானிடவியல் சங்கம் அவ்வாண்டே எதிர்த்தது. அத்திட்டம் 2014இல் முடிவுற்றது.

இதற்கு விடை கோவூர்கிழாரிடமே உள்ளது. அவர் அரசனுக்காக எவரையும் வேவு பார்க்கவில்லை. மறைவில் எதனையும் அறிவிக்கவில்லை. ஐயத்திற்கு உள்ளானவனின் வாழ்க்கையை, ஐயுற்றவன் முன்னிலையில் வெளிப்படையாக உரைத்தார். தமிழ்த் துறை பாதுகாப்புக் கல்விக்கு அளிக்கத்தக்கது இத்தகைய வெளிப்படையான கற்பித்தல் மட்டுமே. மக்களைப் பற்றிய தகவலைத் தருவது அதன் பணியன்று; தகவலைப் படிக்கும் முறையைக் கற்பிப்பதே அதன் பணி.

முடிவுரை

சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் தமிழ் மொழி, இலக்கியத்திலும் பொதுப் பாதுகாப்பிலும் பட்டப்படிப்புகளைக் கொண்டது. இரு கண்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஒற்றாடல் அதிகாரத்தையும் புறநானூற்றின் 47ஆம் பாடலையும் ஒரு பருவத்தில் இரு துறை மாணவரும் சேர்ந்து பயில்வதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. பாதுகாப்பு மாணவர் அதனால், தாம் ஐயுறும் மனிதனுக்கு மற்றொரு விளக்கமும் இருக்கலாம் என்று தேடும் பழக்கம் பெறுவர். தமிழ் மாணவர், தாம் கற்கும் பாடல் ஒருவரின் உயிருக்கும் உரிமைக்கும் பயன்படத்தக்க அறிவு என்பதை உணர்வர். உறையூரில் இளந்தத்தன் உயிர் பிழைத்தது, அவ்வேளையில் கோவூர்கிழார் அங்கு இருந்தமையால். அத்தகைய ஒருவர் எப்போதும் அருகில் இருக்குமாறு செய்வதே பல்கலைக்கழகத்தின் கடமை என்பது நம் துணிபு.