இறையருளும் மனிதச் சித்தமும்: தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் ஆகிய காப்பியங்களை முன்வைத்து

முன்னுரை

தமிழில் தோன்றிய கிறித்தவக் காப்பியங்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு வழிகளில் சென்றுள்ளன. கம்பன், சிந்தாமணி ஆகியவற்றின் சாயலை இக்காப்பியங்களில் தேடிக் காட்டுவது ஒன்று. விவிலியக் கருத்துகள் எவ்வெவ்விடத்தில் எடுத்தாளப்பட்டுள்ளன எனத் தொகுத்துரைப்பது மற்றொன்று. இவ்விரு வழிகளாலும் விளைந்த பயன் மிகுதி. எனினும், கிறித்தவ இறையியலை 1500 ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்த ஒரு வினா இக்காப்பியங்களின் கதைக்கட்டமைப்பில் எவ்வாறு செயற்படுகிறது என்பது போதிய அளவில் பேசப்படவில்லை. மனிதன் நன்மையைத் தேர்வது அவனது செயலா, அவனுள் இறைவன் நிகழ்த்தும் செயலா என்பதே அவ்வினா. இதனை விடுத்துப் படிக்கும்போது காப்பியத் தலைவர்களின் ஐயமும் வீழ்ச்சியும் மீட்சியும் வெறும் நிகழ்ச்சிகளாகச் சுருங்கிவிடுகின்றன. வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் இவ்வினாவின் ஒளியில் அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் வரலாறு

கிறித்தவ மரபில் இவ்வினா கூர்மை பெற்றது அகுஸ்தீனுக்கும் (354–430) பெலாகியுசுக்கும் இடையே நிகழ்ந்த கருத்துப்போரில் ஆகும். கடவுள் கட்டளையிட்டார் என்றால் அதனைச் செய்யும் ஆற்றலும் மனிதனுக்கு உண்டு என்பது பெலாகியுசின் நிலை. ஆதாமின் வீழ்ச்சிக்குப்பின் மனிதச் சித்தம் தீமைக்குக் கட்டுண்டது. அருள் முந்திவந்து தொடாதவரை அது நன்மையை நாடவும் மாட்டாது என்பது அகுஸ்தீனின் நிலை. 418இல் கூடிய கார்த்தேசு சங்கம் பெலாகியுசின் கருத்தைக் கண்டித்தது. ஆயினும் வினா அடங்கவில்லை. 1524இல் எராஸ்முசு சித்தத்தின் உரிமையை ஆதரித்து எழுத, 1525இல் மார்ட்டின் லூதர் சித்தத்தின் அடிமைநிலையை வலியுறுத்தி மறுப்பு எழுதினார். கால்வின் இதனை முன்குறிப்புக் கொள்கையோடு இணைத்து விரித்தார். கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து சங்கத்தின் 1547ஆம் ஆண்டு அமர்வில், இறைவனால் தூண்டப்பெற்ற சித்தம் அத்தூண்டுதலுக்கு இசையவும் வல்லது, மறுக்கவும் வல்லது என முடிவு செய்தது.

அதன்பின்னும் அருள் எவ்வாறு உறுதியாகப் பயன் தருகிறது என்பதில் தொமினிக்க சபையாரும் இயேசு சபையாரும் மாறுபட்டனர். இயேசு சபையைச் சேர்ந்த லூயிஸ் மொலினா 1588இல் வெளியிட்ட நூல், மனிதன் எந்தச் சூழலில் எதனைத் தானாகத் தேர்வான் என்பதை இறைவன் முன்னறிந்து அதற்கேற்ப அருளை வழங்குகிறார் என விளக்கியது. 1597 முதல் 1607 வரை உரோமையில் நடந்த விசாரணை எத்தரப்பையும் கண்டிக்காமலே முடிக்கப்பட்டது. பத்தாண்டுக் கால விசாரணைக்குப் பின்னும் தீர்ப்பு வழங்கப்படாமை இவ்வினாவின் அருமையைப் புலப்படுத்தும்.

தமிழ்ச் சொற்களும் அவற்றின் சுமையும்

இவ்வினா தமிழுக்கு வரும்போது அதனைத் தாங்கும் சொற்கள் முன்னரே பொருள் நிறைந்தவையாக இருந்தன. மனித விருப்பாற்றலுக்கும் இறைவனின் விருப்பத்திற்கும் தமிழ் விவிலிய வழக்கில் ‘சித்தம்’ என்ற ஒரே சொல் ஆளப்படுகிறது. இச்சொல் நினைக்கும் கருவியாகிய மனத்தையும் குறிக்கும். தேர்ந்து துணியும் ஆற்றலையும் குறிக்கும். ‘அருள்’ என்ற சொல்லோ சைவ, வைணவ மரபுகளில் ஆழ வேரூன்றியது.

இதனால் ஆய்வாளர்கள் எளிதில் ஒப்புமை காண நேர்கிறது. முன்குறிப்பை ஊழ் எனக் கொள்வது அவ்வாறான ஒப்புமைகளுள் ஒன்று. இது பொருந்துவதன்று. ஊழ் வினையின் விளைவு. செய்தவனிடமிருந்தே அவனை வந்தடைவது. முன்குறிப்போ மனிதனின் எச்செயலுக்கும் முற்பட்ட இறைத்தீர்மானம். வள்ளுவர் அறத்துப்பாலின் இறுதியில் ஊழை வைத்து, பொருட்பாலில் ஆள்வினையுடைமையை வைத்தபோது அவர் எதிர்நிறுத்தியவை வினைப்பயனும் முயற்சியும் ஆகும். கிறித்தவ வினாவில் எதிர்நிற்பவை இரு சித்தங்கள்.

சைவ சித்தாந்தத்தோடு ஒப்பிடும்போதும் வேறுபாடு நோக்கத்தக்கது. சித்தாந்தத்தில் மலம் அநாதி. எனவே தீமை எவருடைய தேர்வால் தொடங்கியது என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய உயிரில் சத்தி பதிகிறது. கிறித்தவத்தில் தீமைக்குத் தொடக்கம் உண்டு. அது படைக்கப்பட்ட உயிரின் தேர்வால் வந்தது. அத்தேர்வு உரிமையுடையதன்று எனில் பழி படைத்தவன்மேல் ஏறும். எனவே இறைவனின் நீதியைக் காக்கச் சித்தத்தின் உரிமை வேண்டப்படுகிறது. இறைவனின் அருளை முதன்மைப்படுத்தச் சித்தத்தின் இயலாமை வேண்டப்படுகிறது. இவ்விரு தேவைகளும் ஒருங்கே நிற்பதனால்தான் வினா தீராதிருக்கிறது.

வைணவத்தின் மர்க்கட நியாயமும் மார்ச்சார நியாயமும் இதற்கு இன்னும் அணுக்கமானவை. தாயைத் தானே பற்றும் குரங்குக்குட்டியும் தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக்குட்டியும் வடகலை, தென்கலை நெறிகளின் வேறுபாட்டை விளக்குவன. செருமானிய அறிஞர் உருடால்ப் ஓட்டோ 1930இல் வெளியிட்ட நூலில் இந்திய அருள்நெறியைக் கிறித்தவத்தோடு ஒப்பிட்டபோது இவ்வுவமைகளைக் கருதினார். எனினும், இரு குட்டிகளும் தாயினுடையவை; தாயை வெறுத்து ஓடும் குட்டியை இவ்வுவமைகள் காட்டுவதில்லை. கிறித்தவ வினாவின் மையத்தில் இருப்பது ஓடும் குட்டியே.

தேம்பாவணி: ஐயத்திற்கு அளிக்கப்பட்ட இடம்

1726இல் நிறைவுற்ற தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவன் வளனாகிய சூசை. முதற்காண்டத்தின் ஈரறம் பொருத்து படலம், ஐயந் தோற்று படலம், ஐயம் நீங்கு படலம் ஆகிய மூன்றும் இவ்வாய்விற்கு இன்றியமையாதவை.

மரியாள் கருவுற்றதை அறிந்த சூசை, அவளை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாமல் மறைவாக விலக்கிவிட நினைத்ததை மத்தேயு நற்செய்தி சில வசனங்களில் கூறி முடிக்கிறது. வீரமாமுனிவர் அதற்கு இரு படலங்களை வழங்குகிறார். இவ்விரிவைக் காப்பிய மரபிற்குரிய வருணனை எனக் கொள்ளுதல் போதாது. வானவன் முன்னரே வந்து உண்மையை உரைத்திருந்தால் ஐயமே தோன்றியிராது. இறைவனின் திட்டத்தில் மரியாளின் இசைவு கேட்கப்பட்டதை லூக்கா நற்செய்தி காட்டுகிறது. சூசைக்கோ முதலில் மௌனமே வாய்க்கிறது. அம்மௌனத்தில் அவன் தனது அறவுணர்வைக் கொண்டே ஒரு முடிவுக்கு வர வேண்டியுள்ளது. தண்டிப்பதற்கும் விலகுவதற்கும் இடையே அவன் நடுங்கி நிற்கும் அவ்விடம் இறைவனால் காலியாக விடப்பட்ட இடம் ஆகும். வெளிப்பாடு அதன்பின்னரே வருகிறது. வந்தபின்னும் அவன் எழுந்து ஏற்க வேண்டியிருக்கிறது.

இல்லறத்தையும் துறவறத்தையும் ஒருங்கே பொருத்தும் படலமும் இந்நோக்கிற்கு இயைபுடையது. கன்னிமை காக்கும் உறுதி இருவரும் தாமே விழைந்து ஏற்பது. மொலினாவின் கருத்து இயேசு சபையில் பெரிதும் செல்வாக்குப் பெற்றிருந்தது என்பதும், வீரமாமுனிவர் அச்சபைத் துறவி என்பதும் அறிந்தவை. இதனால் அவர் அந்நூலைப் பின்பற்றிப் பாடினார் என்று துணிதல் மிகையாகும். இறைத்திட்டம் தவறாது நிறைவேறுகிறது, எனினும் ஒவ்வொரு படியிலும் மனித இசைவு காத்திருக்கப்படுகிறது என்ற கதையமைப்பு அச்சூழலுக்கு ஒத்திசைந்தது எனக் கூறுதல் தகும்.

இரட்சணிய யாத்திரிகம்: தட்டுதலும் இழுத்தலும்

வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் பில்கிரிம்ஸ் பிராகிரஸ் (1678) என்னும் நூலைத் தழுவி 3766 பாடல்களில் இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். ‘நற்போதகம்’ இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து 1894இல் அது நூலுருப் பெற்றது.

பனியனின் சமயநிலை கால்வினிய மரபைச் சார்ந்தது. ஆயினும் அவரது கதை அக்கொள்கையின் எளிய உருவகமாக இல்லை. பயணி இடுக்கமான வாயிலைத் தட்டுகிறான். தட்டுதல் அவனது செயல். கதவு திறந்ததும் உள்ளிருப்பவர் அவனைப் பற்றி இழுத்துக்கொள்கிறார். பகைவனின் கோட்டையிலிருந்து வரும் அம்புகளிலிருந்து காக்கும் அவ்விழுப்பு அவனது செயலன்று. விளக்கம் கூறுவோரின் இல்லத்தில் ஒருவன் தீயின்மேல் நீர் ஊற்றுகிறான், தீயோ அணையவில்லை. சுவருக்குப் பின்னால் மறைந்து நிற்கும் ஒருவர் எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கிறார். காண்போர்க்குத் தெரிவது தீ. அதனைக் காப்பது அருள்.

அதே இல்லத்தில்தான் கதையின் கடுமையான காட்சியும் உள்ளது. இருப்புக் கூண்டில் அடைபட்ட ஒருவன், தன்னால் மனம் திரும்ப முடியவில்லை என்கிறான். தன் நெஞ்சைத் தானே கடினப்படுத்திக்கொண்டதாகக் கூறும் அவனே, மனந்திரும்புதலை இறைவன் தனக்கு மறுத்துவிட்டதாகவும் கூறுகிறான். யாத்திராகமத்தில் பார்வோனின் நெஞ்சைப் பற்றி இவ்விருவகைக் கூற்றுகளும் வருவது இங்கு நினைக்கத்தக்கது. முதல் வாதைகளில் பார்வோன் தன் நெஞ்சைக் கடினமாக்கியதாகவும், ஆறாம் வாதையிலிருந்து இறைவன் அதனைக் கடினமாக்கியதாகவும் அந்நூல் கூறுகிறது. இறைவன் அவ்வாறு செய்வார் என்ற முன்னறிவிப்போ வாதைகளுக்கு முன்னரே இடம்பெற்றுவிடுகிறது. கூண்டின் சாவி யாரிடம் என்பதைப் பனியன் தீர்த்துரைக்கவில்லை. படிப்போனின் அச்சம் அத்தீராமையிலிருந்தே எழுகிறது.

கிருஷ்ணபிள்ளை இக்கட்டமைப்பைப் பெற்றுக்கொண்டு இரு மாற்றங்களைச் செய்கிறார். குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்துக் கிறித்துவின் பாடுகளை விரித்துப் பாடியது முதலாவது. பனியனில் பயணியின் சுமை சிலுவையருகே சுருக்கமாகக் கழன்று வீழ்கிறது. தமிழ்க் காப்பியத்தில் சுமை நீங்குவதற்குக் காரணமான துன்பம் படிப்போர் கண்முன் நிகழ்கிறது. அருள் இங்கு ஆணையாக வந்து சித்தத்தை மாற்றவில்லை. துன்புறும் உருவமாக நின்று நெஞ்சை உருக்குகிறது. உருகுதல் உருகும் நெஞ்சின் நிகழ்ச்சி. உருக்குவது அதற்கு வெளியே உள்ளது.

காப்பியத்தினூடே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாடல்களை அமைத்தது இரண்டாவது மாற்றம். இவற்றைப் பத்தி மரபின் தாக்கம் எனக் குறித்து அமைவதே வழக்கம். அவற்றின் பணி அதனினும் பெரிது. வேண்டுபவன் தன்னால் இயலாது என ஒப்புகிறான். எனினும் வேண்டுதல் அவனது செயலாகவே உள்ளது. அருளின் முதன்மையும் சித்தத்தின் உரிமையும் வாதத்தில் முரண்பட்டு நிற்க, மன்றாட்டில் அவை ஒரே கூற்றில் அமைகின்றன. கொள்கைநூலால் தீர்க்க இயலாததைப் பாடல் ஒரு குரலாகத் தாங்குகிறது எனலாம்.

தடுத்தாட்கொள்ளுதல்

இவ்விடத்தில் சுந்தரரின் வரலாறும் பவுலின் வரலாறும் ஒப்பிடத்தக்கன. திருமணப் பந்தலில் சுந்தரரைத் தடுத்த இறைவன் அடிமையோலையைக் காட்டுகிறார். சுந்தரர் மறுத்து வழக்காடுகிறார். ஆயினும் பெரியபுராணத்தின்படி, மண்ணுலகில் தம்மைத் தடுத்தாட்கொள்ள வேண்டும் எனக் கயிலையில் அவரே வேண்டியிருந்தார். எனவே அவ்வலிமை முற்பட்ட இசைவின்மேல் அமைந்தது. தமஸ்கு வழியில் வீழ்த்தப்பட்ட பவுலுக்கு அத்தகைய முன்னிசைவு எதுவும் கூறப்படவில்லை. அவர் வழியெல்லாம் எதிர்த்தவர். இருந்தும், பின்னாளில் அகிரிப்பா அரசன்முன் பேசுங்கால், விண்ணகக் காட்சிக்குத் தாம் கீழ்ப்படியாதிருக்கவில்லை என்று அவர் கூறியதாகத் திருத்தூதர் பணிகள் நூல் குறிக்கிறது. கீழ்ப்படியாதிருத்தல் இயலாதெனில் அக்கூற்றுக்குப் பொருளில்லை. சைவக் கதை இசைவை முன்வைத்துத் தடையைப் பின்வைக்கிறது. கிறித்தவக் கதை தடையை முன்வைத்து இசைவைப் பின்வைக்கிறது.

இலக்கண நோக்கு

தமிழ் இலக்கண மரபு இவ்வினாவை ஆராய ஒரு கருவியை வைத்துள்ளது. அரசனால் ஆகிய கோயில், தச்சனால் ஆகிய கோயில் என மூன்றாம் வேற்றுமையில் ஏவுதற் கருத்தாவும் இயற்றுதற் கருத்தாவும் வேறுபடுத்தப்படுகின்றன. ஒரே கோயில் முழுமையாக அரசனுடையதும் முழுமையாகத் தச்சனுடையதும் ஆகிறது. பாதியை ஒருவரும் மறுபாதியை மற்றவரும் செய்ததாகக் கொள்ள வேண்டுவதில்லை. அருளுக்கும் சித்தத்திற்கும் பங்கு பிரிக்க முயலும் விளக்கங்கள் இடறுவதற்குக் காரணம் இப்பிரிவினையே. தேம்பாவணியின் சூசை இவ்வகை இயற்றுதற் கருத்தா. மறுக்கவல்லவனாக இருந்து ஏற்பவன்.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. அரசனின் ஏவல் தச்சனுக்குப் புறத்தே நிற்கிறது. கால்வினிய நோக்கில் அருள் விருப்பத்தையே புதிதாக்குகிறது. தச்சனின் விழைவையும் அரசனே உண்டாக்குவது போன்றது அது. பனியனின் பயணியையும் கூண்டில் உள்ளவனையும் இவ்வெல்லைக்கு அப்பால் வைத்தே நோக்க வேண்டும். இரட்சணிய யாத்திரிகம் இவ்விரு நிலைகளுக்கும் இடையில் தன் இடத்தைத் தேடுகிறது.

முடிவுரை

தேம்பாவணியில் அருள் காத்திருக்கிறது. இரட்சணிய யாத்திரிகத்தில் அருள் உருக்குகிறது. முன்னதில் ஐயத்திற்கும் பின்னதில் மன்றாட்டிற்கும் காப்பிய இடம் மிகுதியாக வழங்கப்பட்டமை தற்செயலன்று. ஒவ்வொரு கவிஞரும் சார்ந்த சபையின் இறையியற் சூழலோடும் தமிழ் மரபிலிருந்து பெற்ற மொழியோடும் அது இயைந்தது. இரண்டையும் ‘கிறித்தவக் காப்பியம்’ என ஒரே பெயரால் அடக்குதலும், அருள், ஊழ் ஆகிய சொற்களின் பொதுமையால் ஒப்பிட்டு அமைதலும் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். காப்பியத் தலைவர்கள் மனம் மாறும் இடங்களில் வினைமுற்றுகள் தன்வினையாக அமைகின்றனவா, பிறவினையாக அமைகின்றனவா எனப் பாடல்தோறும் நுணுகி நோக்கும் ஆய்வு, இங்குக் கதையமைப்பின் அளவில் கூறப்பட்டவற்றை உறுதி செய்யவோ திருத்தவோ உதவும்.