பழைய கேபிள் எங்கே?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடி மலை அடிவாரத்தில், விதுரா, கல்லாறு பக்கம் நிலம் வாங்கி வீடு கட்டியிருக்கும் இசைப் பிரியர்கள் சிலரிடம் ஒரே வாதத்தை வெவ்வேறு வாயால் கேட்டுவிட்டேன். நகரத்தில் ஹை-ஃபை செட்டின் கேபிளை மாற்றினால் வித்தியாசம் தெரியாதாம். அங்கே பஸ் ஹாரன், ஏசி, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் சேர்ந்து காதை அடைத்துவிடும். மலையடிவாரத்துக்கு வந்து கேட்டால்தான் நல்ல கேபிளின் அருமை புரியும். கேபிள் மாற்றுவதெல்லாம் ஏமாற்று என்று சொல்கிறவர்கள் அமைதியான இடத்தில் உட்கார்ந்து கேட்காதவர்கள். இதுதான் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்பி ஸ்பீக்கர் கேபிளுக்கு ஒரு லட்சம், பவர் கார்டுக்கு அரை லட்சம் என்று கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வாதம் தவறு. அதைவிடப் பெரிய தவறு அதற்குப் பின்னால் இருக்கும் பழக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கேபிள் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் போக வர ஆறு மீட்டர் செம்பு. அதை 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழுத்தால் தடை 0.23 ஓம் அளவுக்கு வரும். 4 ஓம் ஸ்பீக்கரில் அரை டெசிபல் அங்கேயே போய்விடும். ஸ்பீக்கரின் மின்மறுப்பு எல்லா அலைவெண்ணுக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் ஒலியின் நிறமும் கொஞ்சம் மாறும். ஆகவே ஒயர் தடிமனாக இருக்கத்தான் வேண்டும். டர்ன்டேபிளிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அங்கே கேபிளின் ஷீல்டும் கெப்பாசிட்டன்ஸும் உண்மையிலேயே முக்கியம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிச் செம்பு என்றே விற்கும் கடைகளும் உண்டு, நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்குவது நல்லது. இவ்வளவும் சரி, இவற்றில் எனக்கு வழக்கே இல்லை.

ஆனால் 0.5-ஐ விட்டுவிட்டு, வீட்டு வயரிங்கில் பிளக் பாயிண்டுக்கு இழுக்கிற அதே 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைத் திருவனந்தபுரம் சாலை பஜாரில் வாங்கிப் போட்டால், அதே ஆறு மீட்டருக்குத் தடை 0.05 ஓமுக்குள் அடங்கிவிடும். இழப்பு 0.1 டெசிபல். செலவு சில நூறு ரூபாய். அதற்கு மேல் எத்தனை லட்சம் கொடுத்தாலும் மீட்டெடுக்க மிச்சம் இருப்பது அந்த 0.1 டெசிபல் மட்டுமே. ஒலி அளவில் ஏற்படும் மாற்றத்தைக் கண்டுபிடிக்க, மிகக் கூர்மையான காதுக்கும் சுமார் 0.2 டெசிபல் வேண்டும். வெள்ளிக் கம்பி செம்பைவிட ஆறு சதவீதம் அளவுக்கு நன்றாகக் கடத்தும். செம்பை அந்த ஆறு சதவீதம் தடிமனாக்கினால் கணக்கு நேராகிவிடும்.

மலையின் அமைதி இந்தக் கணக்கை மாற்றுமா? மாற்றாது. அமைதியான அறையில் மெல்லிய ஒலிகள் கேட்கும் என்பது உண்மை. தம்புராவின் கடைசி அதிர்வு, பாடகர் மூச்சை இழுப்பது, ஹாலின் எதிரொலி எல்லாம் துலங்கும். அவை பதிவில் இருக்கின்றன, அதனால் கேட்கின்றன. சாதாரண ஒயரிலும் கேட்கின்றன. இரண்டு கேபிளுக்கும் நடுவே இல்லாத வித்தியாசத்தை எந்த அமைதியும் உண்டாக்கித் தராது. ஜூனில் மழை இறங்கிவிட்டால் பொன்முடிப் பக்கம் ஓட்டுக் கூரைக்குக் கீழே அமைதி எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி.

திருவனந்தபுரத்தில் இன்னொரு வாதமும் எளிதாக எடுபடும். வெள்ளி முலாம் பூசி டெஃப்லான் உறை போட்ட கம்பியை 'விண்வெளித் தரம்' என்று சொல்லி விற்கிறார்கள். தும்பாவில் ராக்கெட் விடுகிற ஊர் என்பதால் அந்தப் பெயருக்கு இங்கே மரியாதை அதிகம். அப்படிப்பட்ட கம்பி விமானங்களிலும் விண்கலங்களிலும் இருப்பது மெய்தான். காரணம் வேறு. டெஃப்லான் உறையை ஏற்றுவதற்கு முந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், வெள்ளி தாங்கும். அந்த உறையும் 200 டிகிரி வரை கெடாமல் உழைக்கும். வரவேற்பறையில் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கிடக்கிற கம்பிக்கு அந்தச் சூட்டைத் தாங்க வேண்டிய அவசியம் என்ன வந்தது?

இந்த வாதங்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகளாக எனக்குப் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. கேபிள் மாற்றுகிறவர் யாரும் பழைய கேபிளைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை.

நடப்பதைக் கவனியுங்கள். புதுக் கேபிள் பெட்டியில் வருகிறது. செட்டை அணைக்கிறார்கள், பழையதைப் பிடுங்குகிறார்கள், புதியதைச் செருகுகிறார்கள். பத்து நிமிடம் ஆகிறது. மீண்டும் பாட்டு ஓடுகிறது. வால்யூம் முன்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நூலளவு கூடினால்கூட நம் காது அதைச் சத்தம் கூடியதாக எடுத்துக்கொள்ளாது, தெளிவு கூடியதாகவே எடுத்துக்கொள்ளும். தலை இருக்கும் இடமும் மாறியிருக்கும். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான், நாற்காலியில் ஒரு சாண் நகர்ந்தாலே மேல் ஸ்தாயி வேறுமாதிரி வந்து சேரும். ஒலியின் நுட்பங்களை மனம் அப்படியே பிடித்து வைத்திருப்பது சில நொடிகளுக்குத்தான். பத்து நிமிடத்துக்கு முன் கேட்டதையும் இப்போது கேட்பதையும் ஒப்பிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், நினைவில் உள்ள ஒரு கருத்தோடு ஒப்பிடுகிறார் என்றுதான் அர்த்தம். விலை எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரியும்.

பொன்முடி போன்ற இடத்துக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. விதுராவுக்கு அந்தப் பக்கம் வீடு கட்டியிருக்கும் நாகர்கோவில்காரர் ஒருவரை எனக்குத் தெரியும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' எல்பியைத் தூசு படாமல் காப்பாற்றி வைத்திருக்கும் மனிதர். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் இன்டர்கனெக்ட் கேபிளை மாற்றியதும் திரையே விலகிவிட்டது என்றார். செட்டை முன்னால் இழுத்து, டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தோம். ஆர்சிஏ சாக்கெட்டுகள் மங்கிப்போயிருந்தன, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. இரண்டு மழைக்காலத்தின் ஈரம். ஆனால் புதுக் கேபிள் ஏறிய இரண்டு சாக்கெட்டில் மட்டும், பிளக் உரசிய இடத்தில் மோதிரம் போல உலோகம் பளிச்சென்று தெரிந்தது. பிடுங்கிச் செருகியதில் களிம்பு சுரண்டப்பட்டிருக்கிறது. தொடர்பு சுத்தமாகியிருக்கிறது. திரை விலகியது என்றால், விலகியது அந்தக் களிம்பு.

"அண்ணாச்சி, பழைய கேபிளை ஒருதடவை திரும்பப் போட்டுப் பார்ப்போமா?" என்றேன். தயங்கினார், பிறகு போட்டார். அதே வயலின், அதே தெளிவு. இடது பக்கத்தில் முன்பெல்லாம் அவ்வப்போது வரும் கரகரப்பும் இல்லை. நெடுநேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதுக்கும் கொஞ்சம் நேரம் வேணும் தம்பி. இப்பதானே போட்டிருக்கோம், செட் ஆகணும்."

இந்தப் பதில் அவருடையதே அல்ல. கேபிள் விற்கும் தொழில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. 'பர்ன்-இன்' என்பார்கள். புதுக் கேபிள் நூறு மணி நேரம், இருநூறு மணி நேரம் ஓடினால்தான் தன் குணத்தைக் காட்டுமாம். ஸ்பீக்கரின் ரப்பர் விளிம்பு ஓட ஓட இளகும், அதை ஒப்புக்கொள்கிறேன். அசையாமல் கிடக்கிற செம்பில் எது இளகுகிறது? ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்கிறவருக்கு இருநூறு மணி நேரம் என்பது மூன்று மாதத்துக்கு மேல். அதற்குள் அவர் காது புதிய ஒலிக்குப் பழகிவிடும், பழைய ஒலி மறந்துவிடும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும், பழைய கேபிள் யாருடைய வீட்டுக்கோ போயிருக்கும். ஒப்பிடுவதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிற விதி இது. வாங்குகிறவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. தடித்த ஸ்பீக்கர் கேபிளைத் தனிச் சரக்காக்கிய அமெரிக்காவின் மான்ஸ்டர் கேபிள் 1979-ல் தொடங்கியது. நான்கே ஆண்டில், 1983-ல், 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் கேட்பவருக்கு எது எதுவென்று தெரியாதபடி ஒரு சோதனை நடத்தியது. மிக மெல்லிய ஒயரைப் பிரித்துச் சொல்ல முடிந்தது. ஓரளவு தடிமனான சாதாரண ஒயரையும் மான்ஸ்டரையும் வைத்தபோது பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேலே போட்ட கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2007-ல், போலிக் கூற்றுகளை அம்பலப்படுத்திவந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, ஏழாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள ஒரு கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து கண்ணை மறைத்துக்கொண்டு பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். விமர்சகர் ஒருவர் முன்வந்தார், கேபிள் நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது, சோதனை நடக்கவே இல்லை. தன் சரக்கின் மீது உண்மையான நம்பிக்கை உள்ளவர் இப்படி ஒரு வாய்ப்பை விடுவாரா?

இதற்குக் கேபிள் தரப்பு சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். "அளவுகோலை நம்பாதே, காதை நம்பு." நானும் அதைத்தான் சொல்கிறேன். காதை நம்புகிறவர் கண்ணை மூடச் சம்மதிக்க வேண்டும். அகில இந்திய வானொலியின் இசைத் தேர்வில் பாடகரின் பெயரை மறைத்துவிட்டுப் பதிவை மட்டும் கேட்டுத் தரம் போடுவது வழக்கம். அந்த நடுவர்கள் ராகம் தெரியாதவர்கள் அல்ல. பெயர் தெரிந்தால் காது சாய்ந்துவிடும் என்பது தெரிந்தவர்கள் வகுத்த முறை. பெரிய வித்வான்களே ஏற்றுக்கொண்ட ஒரு முறையை, ஒரு கம்பியை வாங்கியவர் மட்டும் தன் காதுக்கு அவமானம் என்று மறுப்பது எந்த ஊர் நியாயம்?

பதிவுக்கூடத்தின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். 1980-ல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தரங்கிணி, மலையாளப் பாட்டை ஸ்டீரியோ கேசட்டாக வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் கூடமானாலும் சென்னைக் கூடங்களானாலும், மைக்கிலிருந்து மிக்ஸருக்கும் மிக்ஸரிலிருந்து டேப்புக்கும் சிக்னல் போனது தொழில்முறைச் சாதாரண ஒயரில்தான். மீட்டர் மீட்டராக, சுவருக்குள்ளும் தரைக்குக் கீழும் ஓடிய செம்பு. அந்தக் குரலில் நாம் உருகுவது அந்தச் செம்பைக் கடந்து வந்ததைக் கேட்டுத்தான். கடைசி மூன்று மீட்டரில் விலை உயர்ந்த கம்பியைப் போட்டு, வழியில் தொலையாத ஒன்றை மீட்டுவிட்டதாகச் சொல்வதை நான் எப்படி ஏற்பேன்? பவர் கார்டின் கதை இதைவிட மோசம். மின்வாரியத்தின் அலுமினியக் கம்பியில் காடும் மலையும் தாண்டிக் கிலோமீட்டர் கணக்கில் வந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் கம்பி சுத்திகரிக்கும் என்கிறார்கள். சுத்திகரிக்கிற வேலைக்கு ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் இருக்கின்றன.

இத்தனைக்கும் இந்த மலையடிவார வீடுகளில் ஒலிக்குச் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பாறை மண்ணில் எர்த் சரியாகக் கிடைப்பது கஷ்டம், எர்த் சரியில்லை என்றால் 50 ஹெர்ட்ஸ் உறுமலை எந்தக் கேபிளும் நிறுத்தாது. ஏப்ரல், மே மாதங்களிலும் துலா மழைக் காலத்திலும் சாயங்காலமானால் இடி இறங்கும், அப்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. டைல்ஸ் தரையும் வெறும் கான்கிரீட் சுவரும் ஒலியைப் பந்தாடும், ஒரு கனத்த ஜமுக்காளமும் புத்தக அலமாரியும் செய்கிற மாற்றத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டே சொல்லிவிடலாம். மழைக்காலம் முடிந்ததும் எல்லாப் பிளக்கையும் ஒருமுறை கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துத் திரும்பச் செருகினால், அண்ணாச்சிக்கு விலகிய அதே திரை ஒவ்வொரு வருஷமும் விலகும்.

கேபிள் வாங்கியே தீர வேண்டும் என்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய கேபிளைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் எல்லாச் சாக்கெட்டையும் துடையுங்கள். வால்யூம் குமிழில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். செட்டின் பின்பக்கம் தெரியாதபடி உட்கார்ந்துகொண்டு, நாணயத்தைச் சுண்டி அதன்படி கேபிளை மாற்றியோ மாற்றாமலோ வைக்கும்படி வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். எது ஓடுகிறது என்று பத்து முறை எழுதுங்கள். ஊகத்தில் ஒன்பதுக்குக் குறையாமல் சரியாக வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். அதனால் ஒன்பது வந்தால் கேபிளை வைத்துக்கொள்ளுங்கள், நானும் வந்து கேட்கிறேன். வராவிட்டால், கெடு முடிவதற்குள் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.