1964-ஆம் வருஷத்துப் படங்களும் சாதாரண ரசிகரின் தேர்வும்

ஒரு வருஷம் கழிந்த பின், அவ்வருஷத்தில் தாம் கண்ட படங்களுள் மனத்துக்கு உகந்தவை இன்னவை என்று பொறுக்கி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திச் சொல்லும் வழக்கம், படம் பார்ப்பதைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரண ரசிகர்களிடத்தே வெகுகாலமாக இருந்து வருகிறது. அந்த வரிசைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்ற கேள்வியைப் பொதுப்படையாக ஆராய்வதைவிட, ஒரு குறிப்பிட்ட வருஷத்தில் வைத்துப் பார்ப்பதே தெளிவைத் தரும். தமிழ்ப் படவுலகில் அதற்கு 1964-ஐப்போல் வாய்ப்பான வருஷம் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த வருஷத்துப் பொங்கலன்று 'கர்ணன்', 'வேட்டைக்காரன்' இரண்டும் ஒருங்கே வெளிவந்தன. பிப்ரவரியில் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. பிறகு 'கை கொடுத்த தெய்வம்', 'புதிய பறவை'. தீபாவளிக்கு 'நவராத்திரி', 'முரடன் முத்து', 'படகோட்டி' என்று மூன்று. டிசம்பரில் 'சர்வர் சுந்தரம்'. புராணமும் ஹாஸ்யமும் மர்மமும் குடும்பக் கண்ணீரும் ஒரே வருஷத்துக்குள் இப்படி நெருங்கி நின்றபோது, எதை முதலில் வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்த ரசிகரின் நிலை இலேசானதல்ல.

பலருடைய ஞாபகத்தில் முந்திக்கொண்டு வந்து நிற்பது 'காதலிக்க நேரமில்லை' தான். சாதாரண ரசிகரின் தேர்வுக்குள்ள பெருமையை இங்கேதான் காண்கிறேன். கற்றவர் சபையில் ஹாஸ்யத்துக்கு எப்போதும் கடைசி ஆசனந்தான். சோகம் கனமானது, சிரிப்பு இலேசானது என்ற எண்ணம் விமரிசகர்களை விட்டு எளிதில் அகல்வதில்லை. படமெடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தகப்பனாராக வரும் பாலையாவை உட்காரவைத்து, பேய்க்கதை ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறாரே, அந்தக் காட்சியில் தந்திர வித்தைகள் கிடையாது. அரங்க ஜோடனையின் உதவி கிடையாது. ஒருவருடைய குரலும் கையசைவும், மற்றவருடைய முகத்திலே படிப்படியாக ஏறும் பீதியும் தவிர வேறு சாதனமே கிடையாது. சிரிக்க வைப்பவர் நாகேஷ் மட்டுமல்லர் என்பதையும், கேட்பவராக இருந்துகொண்டே பாதிக் காட்சியைப் பாலையா தாங்குகிறார் என்பதையும், இலக்கணம் ஏதும் படியாத ரசிகர் அன்றே உணர்ந்துகொண்டார். தமக்குப் பிடித்தது எதுவென்று சொல்ல அவர் யாருடைய அனுமதியையும் எதிர்பார்ப்பதில்லை. ஆகையினால்தான், கௌரவம் கருதிப் பிறர் ஒதுக்கிவிடும் சிறந்த ஹாஸ்யத்தை அவர் கூசாமல் முதலிடத்தில் வைக்கிறார்.

'புதிய பறவை'யை அவர் ரசித்த விதமும் இத்தகையதே. அதன் மூலக்கதை 'சேஷ் அங்கா' என்னும் வங்காளிப் படத்திலிருந்தும், அதற்கும் முன்பு 1958-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்திலிருந்தும் வந்தது. இதை அறிந்தவர் கதையின் பூர்வோத்தரத்தைத் தேடிக்கொண்டிருக்க, அறியாத ரசிகரோ இறுதிக் காட்சியில் சிவாஜி கணேசன் உடைந்து நொறுங்கும் நடிப்பை முழுமையாக அனுபவித்தார்.

ஆனால் இந்தச் சுதந்திரம் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. அவ்வருஷத்துத் தீபாவளியன்று எம்.ஜி.ஆரின் 'படகோட்டி'க்குப் போவதா, சிவாஜியின் 'நவராத்திரி'க்குப் போவதா என்பதை அநேகர் டிக்கெட் வாங்குவதற்கு நெடுநாள் முன்பே முடிவு செய்துவிட்டிருந்தனர்; எனவே, வருஷ முடிவில் அவர்கள் சொன்ன வரிசை படத்தைப் பற்றியதல்ல, பக்தியைப் பற்றியது. சிவாஜியின் நூறாவது படமாகிய 'நவராத்திரி'யில் ஒருவரே ஒன்பது வேஷம் பூண்டார் என்ற வியப்பு, அந்த ஒன்பதும் கதைக்கு வேண்டியவைதாமா என்ற கேள்வியைக் கேட்கவிடாமல் அடித்துவிட்டது. எண்ணிக்கைக்காகவே நுழைக்கப்பட்டவை என்று தோன்றும் வேஷங்கள் அதில் உண்டு. தெருக்கூத்துப் பகுதி ஒன்று மாத்திரம் எண்ணிக்கையை மறக்கடிக்கிறது; அங்கே சாவித்திரியும் உடனிருந்து சமமாக ஆடுகிறார். பக்ஷபாதத்துக்கு அடுத்தபடி, பாட்டும் தீர்ப்பைக் கலக்கிவிடும். இலங்கை வானொலியில் மாதக்கணக்காகக் கேட்டுக் காதுக்கு இனித்த பாட்டு, படத்தின் குறையை மறைத்து அதற்கு உயர்ந்த இடத்தை வாங்கித் தந்துவிடுவதும் உண்டு.

வருஷம் என்ற எல்லையே நகரத்து ரசிகருக்குத்தான் பொருந்தும். கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த கிராமத்தாருக்கு, பட்டணத்தில் ஓடித் தேய்ந்த பிரதி வந்து சேரும்போது அடுத்த வருஷம் பிறந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறையென்று நான் கருதுவது, பாராத படத்தைப் பற்றி அந்த வரிசை வாய் திறக்க முடியாமல் போவதை. 'காதலிக்க நேரமில்லை'யைத் தந்த அதே ஸ்ரீதர், அதே வருஷத்தில் 'கலைக்கோவில்' என்றொரு படத்தையும் தந்தார். வீணைக் கலைஞர் ஒருவருடைய வாழ்வைச் சொன்ன அந்தப் படத்துக்குச் சிட்டிபாபு வீணை வாசித்தார். பாலமுரளி கிருஷ்ணாவும் சுசீலாவும் சேர்ந்து பாடிய பாட்டு ஒன்று இன்றும் கேட்கப்படுகிறது. படமோ ஓடவில்லை. ஓடாததனால் பார்த்தவர் சிலர். பார்த்தவர் சிலராகவே, எந்த வரிசையிலும் அது இடம்பெறவில்லை. ரசிகர் அதை நிராகரித்தார் என்று சொல்வது நியாயமாகாது. அவர் முன்னிலைக்கு அது வந்து நிற்கவே இல்லை.

'கர்ணன்' கதை வேறு. அதை இயக்கிய பந்துலு பெரும் பொருட்செலவில் குருக்ஷேத்திரத்துக்கே சென்று யுத்தக் காட்சிகளை எடுத்தும், முதலில் வெளிவந்தபோது செலவுக்கு ஏற்ற வசூல் கிட்டவில்லை. 2012-இல் படச்சுருளும் ஒலியும் புதுப்பிக்கப்பட்டு மறுபடி வெளியானபோது, அது நூறு நாளைக் கடந்து ஓடிற்று. முன்னைய ரசிகரின் பேரக் குழந்தைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இதைக் காட்டி, 1964-இன் ரசிகர் தவறிவிட்டார் என்று சிலர் கூறுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சீர்காழி கோவிந்தராஜன் குரலில், குற்றுயிராகக் கிடக்கும் கர்ணனை நோக்கி எழும் பாட்டும், கண்ணனாக வரும் ராமராவின் நிதானமும் ஈடற்றவை; ஆயினும் நாடகமேடையின் நீண்ட வசனநடை படத்தின் இடைப்பகுதியைப் பல இடங்களில் தேங்க வைக்கிறது. அன்றைக்குக் கொட்டகையில் நெளிந்த ரசிகரின் அலுப்பிலும் ஓர் உண்மை இருந்தது. புதிய தலைமுறை அதே அலுப்பைப் பொறுத்துக்கொண்டதற்கு, அத்தகைய தமிழைக் கேட்க வேறிடம் இல்லாமற் போனதும் ஒரு காரணம். 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை' இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க நேர்ந்தால், பின்னதை முன்னே வைத்த அந்தப் பழைய ரசிகரின் கட்சியையே நானும் சேர்ந்தவன்; ஏனெனில், அதில் வீணாகப் போன காட்சி ஒன்றைச் சொல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.