ஓர் அணு அணையும் கணம்: குளிர் அணுக்களை ரசிப்பது எப்படி?

2018-ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்த ஓர் அறிவியல் புகைப்படப் போட்டியில், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் டேவிட் நாட்லிங்கர் எடுத்த படம் முதல் பரிசு பெற்றது. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இரு உலோக ஊசிமுனைகள். நடுவே நீலம் கலந்த ஊதா நிறத்தில் மிகச் சிறிய ஒரு புள்ளி. அந்தப் புள்ளி ஒரே ஒரு ஸ்ட்ரான்ஷியம் அணு. சரியாகச் சொன்னால், எலெக்ட்ரான் ஒன்றை இழந்த அயனி. மின்புலம் அதைப் பிடித்துவைத்திருந்தது, லேசர் அதை ஒளிரவைத்தது, சாதாரண கேமராவே அதைப் பதிவுசெய்தது. பலரும் பகிர்ந்து வியந்த படம் அது. ஆனால் வியந்தபின் என்ன செய்வது என்று தெரியாமல் கடந்துபோவதுதான் இயல்பு. ஒரு புள்ளியில் பார்க்க என்ன இருக்கிறது? லேசரால் பிடித்த அணுக்களை ரசிக்க விரும்புகிறவர், புள்ளி ஒளிர்வதோடு நின்றுவிடாமல் அது எப்படி அணைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும் என்பது என் வாதம். அது மங்கி மங்கி அணைவதில்லை, ஒரேயடியாக அணைகிறது. தான் ஒன்றே ஒன்று என்பதை அணு நமக்குச் சொல்லும் இடம் அதுதான்.

முதலில் ஒரு நியாயமான மறுப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதை அணுவைப் பார்ப்பது என்று சொல்லலாமா? ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படும் ருபீடியம் அணுவின் குறுக்களவு ஏறத்தாழ அரை நானோமீட்டர். அது உமிழும் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர். இவ்வளவு நீண்ட அலையைக் கொண்டு அவ்வளவு சிறிய பொருளின் வடிவத்தை எந்த லென்ஸும் காட்டாது. படத்தில் தெரியும் புள்ளியின் அகலம் லென்ஸின் வரம்பைச் சொல்கிறதே தவிர அணுவின் அளவை அல்ல. ஆக, வடிவம் தேடுகிறவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் வந்துசேரும் ஒளி பொய்யல்ல. ருபீடியம் அணு ஒரு ஒளித்துகளை விழுங்கிக் கிளர்ந்து, சராசரியாக 26 நானோநொடியில் அதைத் திரும்ப உமிழ்கிறது. லேசர் போதிய வலுவோடு இருந்தால், ஒரே அணு நொடிக்கு ஒன்றே முக்கால் கோடிக்கும் மேற்பட்ட ஒளித்துகள்களைச் சிதறடிக்கும். அவற்றில் சிறு பங்கு லென்ஸில் விழுந்தாலே, அணு இருக்கிறதா இல்லையா என்று கேமரா தீர்ப்புச் சொல்லிவிடும்.

அணுவைக் காட்டும் அதே ஒளிதான் அதை நிறுத்தவும் செய்கிறது என்பது அடுத்து ரசிக்க வேண்டியது. அறை வெப்பநிலையில் ருபீடியம் அணு நொடிக்கு 300 மீட்டர் அளவிலான வேகத்தில் பறக்கிறது. ஒரு ஒளித்துகள் மோதினால் அந்த வேகம் நொடிக்கு 6 மில்லிமீட்டர்தான் மாறும். அப்படியானால் நிறுத்துவதற்குச் சுமார் 50,000 மோதல்கள் வேண்டும், அத்தனையும் எதிர்த்திசையிலிருந்தே வர வேண்டும். தியோடர் ஹென்ஷும் ஆர்தர் ஷாலோவும் 1975-இல் சொன்ன யோசனை எளிமையானது. அணு விரும்பும் அதிர்வெண்ணைவிடச் சற்றுக் குறைவாக லேசரை வைத்துவிட வேண்டும். டாப்ளர் விளைவால், எந்தக் கதிரை நோக்கி அணு ஓடுகிறதோ அந்தக் கதிர் மட்டுமே அதற்குப் பொருத்தமான அதிர்வெண்ணை எட்டும். 1985-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் சூ குழுவினர் ஆறு கதிர்களை ஒரே இடத்தில் சந்திக்கவிட்டு, சோடியம் அணுக்களை 240 மைக்ரோகெல்வின் வரை குளிர்வித்தார்கள். கோட்பாடு அனுமதித்த எல்லை அதுவே. மூன்றாண்டுகளுக்குப்பின் வில்லியம் ஃபிலிப்ஸ் அளந்தபோது வெறும் 43 மைக்ரோகெல்வின் கிடைத்தது. கோட்பாடு அணுவை மிக எளிய பொருளாக எண்ணிவிட்டது என்பது தெரியவந்தது. சூவும் ஃபிலிப்ஸும், இந்த வேறுபாட்டுக்கு விளக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான குளோத் கோஹென்-தனூஜியும் 1997-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்பார். வெப்பநிலை என்பது கூட்டத்தின் குணம். ஒற்றை அணுவுக்கு ஏது வெப்பநிலை? சரியான கேள்வி. விடை, கூட்டத்தைக் காலத்தில் திரட்டுவது. பிடித்த அணுவைச் சில மைக்ரோநொடிகள் விட்டுவிட்டு, அதைப் பிடித்திருந்த பொறியை மீண்டும் இயக்கினால் அது அகப்படும், அல்லது ஓடிப்போயிருக்கும். ஒவ்வொரு முறையும் விடை ஆம் அல்லது இல்லை. புதிய அணுவோடு இதை நூற்றுக்கணக்கான முறை செய்தால், எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைத்தன என்பதிலிருந்து வேகங்களின் பரவல் தெரிந்துவிடும். அந்தப் பரவலைத்தான் வெப்பநிலை என்கிறோம்.

இனி, இந்தத் துறையின் மிக அழகான வரைபடத்துக்கு வருவோம். ஆர்தர் ஆஷ்கின் உள்ளிட்ட குழு 1986-இல், ஒரே லேசர் கதிரின் குவியத்தில் சுமார் 500 சோடியம் அணுக்களைப் பிடித்துவைத்தது. அணு எளிதில் விழுங்காத நிறத்தில் அமைந்த அந்த ஒளி, அணுவின் மின்னேற்றங்களைச் சற்றே விலக்கி, ஒளி மிகச் செறிந்த இடத்துக்கு அதை இழுக்கிறது. பிடி மிகத் தளர்வானது. ஏற்கெனவே குளிர்ந்த அணுவையே அது தாங்கும். 2001-இல் பிரான்சின் ஓர்சேயில் ஃபிலிப் கிராஞ்சியே குழுவினர், அந்தக் குவியத்தை ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருக்கினார்கள். அவ்வளவு சிறிய இடத்தில் இரண்டாம் அணு நுழைந்தால், குளிர்விக்கும் ஒளியின் முன்னிலையில் இரண்டும் மோதி, ஆற்றல் பெற்று, இரண்டுமே வெளியேறிவிடுகின்றன. எனவே பொறியில் இருப்பது ஒன்று, அல்லது பூஜ்யம். நேரத்துக்கு எதிராக ஒளியளவை வரைந்தால் இரண்டே மட்டங்கள். அணு வந்ததும் கோடு செங்குத்தாக ஏறுகிறது, சிறிது நேரம் சமமாக ஓடுகிறது. அடுத்த அணு வந்ததும் இரண்டாம் மட்டத்துக்கு ஏற வேண்டிய கோடு தரைக்கு விழுகிறது. நடுவில் அரை அணு இல்லை, முக்கால் அணு இல்லை. கோட்டின் சிறு நடுக்கம் ஒளித்துகள்களை எண்ணுவதில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கம், பாய்ச்சல்தான் அணு.

கோடிக்கணக்கான அணுக்களைக் கொண்டு செய்தால் ஒளி வலுவாகக் கிடைக்குமே, ஏன் ஒன்றிரண்டோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்கலாம். எர்வின் ஷ்ரோடிங்கரே 1952-இல், ஒற்றை அணுவைக் கொண்டு நாம் ஒருபோதும் சோதனை செய்வதில்லை என்று எழுதினார். குவாண்டம் தாவல்களையும் அவர் ஏற்கவில்லை. ஆனால் 1986-இல் சியாட்டில், ஹாம்பர்க், போல்டர் ஆகிய மூன்று இடங்களில், பொறியிலிருந்த ஒற்றை அயனி சட்டென்று இருண்டு, அங்கேயே மறுபடி சட்டென்று ஒளிர்வதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அயனி எங்கும் போகவில்லை. ஒளியைச் சிதறடிக்காத வேறு நிலைக்குத் தாவித் திரும்பியிருந்தது. கோடி அணுக்கள் ஆளுக்கொரு நேரத்தில் தாவினால் கிடைப்பது ஒரு வழுவழுப்பான வளைகோடு. அது தவறான தகவல் அல்ல, ஆனால் தாவல் அதில் கரைந்துபோகும். இரண்டு அணுக்களின் உறவும் இப்படித்தான். 2009-இல் விஸ்கான்சினிலும் பிரான்சின் பலேசோவிலும், ஓர் அணு ரிட்பெர்க் நிலை என்னும் மிகப் பெருத்த நிலைக்குக் கிளர்ந்தால் அருகிலிருக்கும் அணு கிளர முடியாமல் தடைபடுவதைக் காட்டினார்கள். பலேசோ குழு அளந்தபோது, ஒற்றைக் கிளர்ச்சியைப் பகிர்ந்துகொண்ட அணுக்கள், தனி அணுவைவிட 1.41 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம் அளவு வேகமாக ஊசலாடின. சரியாக இரண்டே அணுக்கள் இருந்ததால்தான் அந்த எண் அவ்வளவு தெளிவாக வெளிப்பட்டது.

கடைசி மறுப்பு, கண்ணைக் கவரும் படங்களைப் பற்றியது. அணுக்களால் வரைந்த ஐஃபில் கோபுரம் பலரும் பார்த்தது; பலேசோவில் அந்துவான் ப்ரோவேய்ஸ் குழு 2018-இல் வெளியிட்டது. இத்தகைய படங்களின் நிறம் கணினி தந்தது. அந்தக் கோபுரமோ பல பதிவுகளின் சராசரி. அதற்காக அதைப் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை, எதை ரசிக்கிறோம் என்று தெரிந்து ரசித்தால் போதும். சராசரிப் படத்தில் எல்லா இடமும் நிறைந்திருக்கும். ஒற்றைப் பதிவில் ஏறத்தாழ பாதி இடங்கள் காலியாக இருக்கும். 2001-இல் கண்ட அதே ஒன்று-அல்லது-பூஜ்யம் விதியின் விளைவு அது. நகரும் ஒளியிடுக்கியால், அதாவது குவித்த லேசர் கதிரால், அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காலியிடங்களில் வைத்து, அந்தக் குழு 72 அணுக்கள் வரை குறையில்லாமல் அடுக்கியது. 2025-இல் கால்டெக் 6,100 சீசியம் அணுக்களைப் பிடித்ததாக அறிவித்தபோதும், பொறிகள் ஏறத்தாழ 12,000. பெரிய எண்ணுக்குப் பின்னால் அதே பாதிக் கணக்கு நிற்பதை அறிந்தவருக்கு அந்தச் செய்தி இருமடங்கு சுவைக்கும்.

ஆகவே, குளிர் அணுக்களைப் பற்றிய அடுத்த படம் கண்ணில் படும்போது, அது ஒற்றைப் பதிவா சராசரியா என்று முதலில் பாருங்கள். ஒற்றைப் பதிவு என்றால், ஒளிரும் இடங்களோடு இருண்ட இடங்களையும் எண்ணுங்கள். பிறகு, அதே ஆய்வின் ஒளியளவு வரைபடத்தைத் தேடிப்பிடித்து, கோடு ஏறி விழும் இடங்களை நிதானமாகப் பாருங்கள். அணு என்பது நம்பிக்கை அல்ல, எண்ணக்கூடிய பொருள் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை.